இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – ஜனவரி 30, 1874) 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவரும் ஆன்மிகவாதியும் சமயச் சீர்திருத்தவாதியும் ஆவார். வள்ளலார், இராமலிங்க சுவாமிகள், திருவருட்பிரகாச வள்ளலார் ஆகிய பெயர்களாலும் இவர் அறியப்படுகின்றார். இவர் பாடிய பாடல்களின் தொகுப்பு திருவருட்பா எனப்படும். சாதி, சமய வேறுபாடுகளை மறுத்துச் சமரச சுத்த சன்மார்க்க நெறியை நிறுவினார். பசித்தோருக்கு உணவளிக்கும் பொருட்டு 1867ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையையும், வழிபாட்டின் பொருட்டு 1872ஆம் ஆண்டில் அங்கேயே சத்திய ஞானசபையையும் ஏற்படுத்தினார்.

இவ்விரண்டும் அமைந்துள்ள நிலம் விலைக்கு வாங்கப்பட்டதன்று. பார்வதிபுரம் என்னும் சிற்றூரின் மக்கள் தங்கள் நிலத்திலிருந்து சுமார் 80 காணியை இதற்காகக் கொடுத்தனர். இந்நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்கள் இன்றித் திறந்தவெளியாகவே நீண்டகாலம் இருந்து வந்துள்ளது. இது பெருவெளி என்று அழைக்கப்படுகின்றது. பொதுநோக்கம் ஒன்றுக்காக ஒப்படைக்கப்பட்ட நிலம் பல தலைமுறைகளைக் கடந்து எவ்வாறு நிலைக்கின்றது, எவ்வாறு குறைகின்றது என்பதற்குத் தமிழ்நாட்டில் உள்ள குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

இராமலிங்கர் சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. தந்தையார் பெயர் இராமையா பிள்ளை. தாயார் பெயர் சின்னம்மை. இராமையா பிள்ளை ஊர்க்கணக்கராகவும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகவும் இருந்தார். ஊர் நிலங்களின் அளவு, சாகுபடி, வரி ஆகியவற்றின் கணக்கைப் பேணுவது ஊர்க்கணக்கரின் பணியாகும். இவர்களின் ஐந்து பிள்ளைகளில் இராமலிங்கரே கடைசிப் பிள்ளை ஆவார். சபாபதி, பரசுராமன் என்போர் தமையன்மார். சுந்தரம்மாள், உண்ணாமலை என்போர் தமக்கையர்.

ஐந்து திங்கள் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் இவரைச் சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு எடுத்துச் சென்றனர் என்றும், அங்குத் திரை விலக்கப்பட்டபோது குழந்தை சிரித்தது என்றும் இவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பிற்காலத்தில் இவர் அமைத்த ஞானசபையிலும் திரை விலக்கிச் சோதி காண்பதே வழிபாட்டின் மையமாக அமைந்தது.

இராமலிங்கர் பிறந்த சில திங்களில் தந்தையார் காலமானார். தாயார் பிள்ளைகளுடன் தமது பிறந்த ஊரான பொன்னேரிக்கு அருகில் உள்ள சின்னக்காவணத்திற்குச் சென்றார். பின்னர்க் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்தது. மூத்த தமையனாரான சபாபதி புராணச் சொற்பொழிவு ஆற்றிக் குடும்பத்தைக் காத்தார்.

சென்னை வாழ்க்கை

தமையனார் இவரைக் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் கல்வி கற்க அனுப்பினார். ஆனால் இவரது நாட்டம் பள்ளிப் படிப்பில் செல்லவில்லை. கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குச் சென்று பாடுவதிலேயே பொழுதைக் கழித்தார். இக்காலத்தில் பாடப்பட்டதே தெய்வமணிமாலை ஆகும். பின்னர்த் திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்குப் பல ஆண்டுகள் சென்று வழிபட்டார்.

உறவினர்களின் வற்புறுத்தலால் 1850ஆம் ஆண்டில் தமக்கை உண்ணாமலையின் மகளான தனக்கோடியை மணந்தார். எனினும் இல்லற வாழ்வில் இவர் ஈடுபடவில்லை.

இக்காலத்தில் இவர் நூலாசிரியராகவும் பதிப்பாசிரியராகவும் அறியப்பட்டார். ஒழிவிலொடுக்கம் (1851), தொண்டைமண்டல சதகம் (1855), சின்மய தீபிகை (1857) ஆகிய நூல்களைப் பதிப்பித்தார். மனுநீதிச் சோழனின் கதையைக் கூறும் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொழுவூர் வேலாயுத முதலியார் இவரது முதன்மையான மாணவராக விளங்கினார்.

கருங்குழியில் தங்குதல்

1858ஆம் ஆண்டளவில் இராமலிங்கர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். வழியில் பல தலங்களை வழிபட்டுச் சிதம்பரத்தை அடைந்தார். பின்னர் வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழி என்னும் ஊரில், வேங்கட ரெட்டியார் என்பவரின் இல்லத்தில் தங்கினார். 1867ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இவரது உறைவிடம் அதுவாகவே இருந்தது. அங்கிருந்து அடிக்கடி சிதம்பரம் சென்று வழிபட்டு வந்தார். எண்ணெய் என்று எண்ணித் தண்ணீரை ஊற்றியபோதும் விளக்கு எரிந்தது என்று அடியார்கள் கூறும் நிகழ்ச்சியும் இவ்வூரோடு தொடர்புடையதாகும்.

சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவர் உழவர்களின் நடுவே வந்து தங்கியது இவரது சிந்தனையில் மாற்றத்தை ஏற்படுத்தியது. முற்காலப் பாடல்களில் கோயில்களும் மூர்த்திகளும் முதன்மை பெறுகின்றன. பிற்காலப் பாடல்களிலும் உரைநடையிலும் பசி, பிணி, கொலை, வறுமை ஆகியன பற்றிய கவலை முதன்மை பெறுகின்றது. நீரின்றி வாடும் பயிரைக் கண்டு வருந்தும் இவரது பாடல் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டதாகும். 1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் உணவுப் பஞ்சம் நிலவியது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

1865ஆம் ஆண்டில் இவர் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். இதன் பெயர் 1872ஆம் ஆண்டில் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றப்பட்டது. கடவுள் ஒருவரே, அவரைச் சோதி வடிவில் உண்மை அன்பால் வழிபட வேண்டும், சிறுதெய்வ வழிபாடும் உயிர்ப்பலியும் கூடா, புலால் உண்ணலாகாது, சாதி சமய வேறுபாடுகள் கூடா என்பன இச்சங்கத்தின் அடிப்படைக் கொள்கைகளாகும்.

சீவகாருணிய ஒழுக்கம்

இவரது கொள்கைகளை விளக்கும் உரைநடை நூல் சீவகாருணிய ஒழுக்கம் ஆகும். பிற உயிர்களின் துன்பத்தைக் கண்டு இரங்குவதும், அவற்றுள் முதன்மையான துன்பமாகிய பசியை நீக்குவதும் கடவுள் வழிபாடே என்பது இந்நூலின் மையக் கருத்தாகும். பசி நீக்கப்படும்போது ஒருவரின் ஊர், சாதி, சமயம், நடத்தை ஆகியவற்றைக் கேட்கலாகாது என்று இவர் வலியுறுத்துகின்றார்.

தாவரங்களையும் இவர் உயிர்களாகவே கருதினார். உயிர்க்கொலையை மறுக்கும் ஒருவர் தாவர உணவை உண்பது எவ்வாறு பொருந்தும் என்னும் வினாவை எழுப்பி, விதை, காய், கனி, தழை முதலியவற்றைப் பெறுவதற்கும் விலங்கைக் கொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியுள்ளார்.

நிலக்கொடை

வருவோர் அனைவருக்கும் உணவளிக்கும் இடம் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு ஒருவருடைய வீடு போதாது. நிலையான நிலம் வேண்டியிருந்தது. கருங்குழிக்கு அருகில் பார்வதிபுரம் என்னும் ஊர் இருந்தது. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் சந்திக்கும் இப்பகுதியே இன்றைய வடலூர் ஆகும். 1867ஆம் ஆண்டில் இவ்வூர் மக்கள் பலர் சேர்ந்து சுமார் 80 காணி நிலத்தை அளித்தனர். ஒரு காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர் ஆகும். எனவே கொடுக்கப்பட்ட நிலத்தின் பரப்பு சுமார் 106 ஏக்கர் ஆகும்.

இக்கொடையைப் புரிந்துகொள்ள அக்காலத்தின் நிலமுறையைக் கருத வேண்டும். தென்னார்க்காடு மாவட்டத்தில் இரயத்துவாரி முறை நடைமுறையில் இருந்தது. உழவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் உள்ள நிலத்திற்கு அரசுக்கு நேரடியாக வரி செலுத்தி வந்தனர். நிலமே அவர்களின் முதன்மையான உடைமையாகும். கோயில்களுக்கும் மடங்களுக்கும் மன்னர்களும் செல்வந்தர்களும் நிலம் விடுவது தமிழகத்தில் பழைய வழக்கமாகும். ஆனால் வடலூரில் நிலம் கொடுத்தவர்கள் ஒரு சிற்றூரின் குடிமக்கள் ஆவர்.

அக்காலத்தில் இத்தகைய நிலத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பும் இல்லை. 1817ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அறக்கொடைகளை வருவாய் வாரியம் மேற்பார்வை செய்து வந்தது. 1863ஆம் ஆண்டின் சமய அறக்கொடைச் சட்டத்தின் மூலம் ஆங்கில அரசு இப்பொறுப்பிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த வடலூர்க் கொடை, கொடுத்தவர்களின் நம்பிக்கையையும் பெற்றவரின் ஒழுக்கத்தையுமே பெரிதும் சார்ந்திருந்தது.

சத்திய தருமச்சாலை

மே 23, 1867 அன்று தருமச்சாலை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இது மண் சுவரும் கூரையும் கொண்ட எளிய கட்டடமாக இருந்தது. அன்று மூட்டப்பட்ட அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. இது அணையா அடுப்பு எனப்படுகின்றது. அரிசியும் பிற பொருட்களும் சுற்றுவட்டார மக்களிடமிருந்தும் வெளியூர் அன்பர்களிடமிருந்தும் பெறப்பட்டன. நாள்தோறும் உணவளிக்கும் இப்பணி ஒன்றரை நூற்றாண்டைக் கடந்தும் நடைபெற்று வருகின்றது.

அதே 1867ஆம் ஆண்டில் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் வெளியிடப்பட்டன. இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் பாடல்களைத் திரட்டுவதில் பெருமுயற்சி எடுத்தனர். ஐந்தாம் திருமுறை 1880ஆம் ஆண்டிலும் ஆறாம் திருமுறை 1885ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

அருட்பா – மருட்பா விவாதம்

இராமலிங்கரின் பாடல்கள் அருட்பா என அழைக்கப்பட்டதை யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் ஏற்கவில்லை. தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே அப்பெயர் பொருந்தும் என்பது நாவலரின் நிலைப்பாடாகும். இதனால் இரு தரப்பினரிடையே கண்டன நூல்கள் பல வெளிவந்தன. இதன் தொடர்பான வழக்கு ஒன்று 1869ஆம் ஆண்டில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நடைபெற்றது. இருவரும் மறைந்த பின்னரும் இவ்விவாதம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

சத்திய ஞானசபை

1870ஆம் ஆண்டில் இராமலிங்கர் வடலூருக்கு அருகில் உள்ள மேட்டுக்குப்பத்திற்குச் சென்று தங்கினார். அங்கு இவர் தங்கிய மாளிகை சித்திவளாகம் எனப் பெயர் பெற்றது. அங்கிருந்தபடியே வடலூரில் ஞானசபை கட்டும் பணியை வழிநடத்தினார். 1871ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டடப் பணி சில திங்களில் நிறைவுற்றது. ஜனவரி 25, 1872 அன்று தைப்பூச நாளில் சபை திறக்கப்பட்டு முதல் வழிபாடு நடைபெற்றது.

ஞானசபை எண்கோண வடிவம் கொண்டது. தெற்கு நோக்கி அமைந்துள்ளது. கருவறைச் சிலைகள் கொண்ட கோயிலாக இல்லாமல் சோதி வழிபாட்டிற்கு உரிய இடமாக இது அமைக்கப்பட்டது. சோதியை மறைத்து ஏழு நிறங்களில் ஏழு திரைகள் தொங்கவிடப்பட்டுள்ளன. உயிரின் அறிவை மறைக்கும் மாயைகளை இத்திரைகள் குறிக்கின்றன என்பது சன்மார்க்கத்தாரின் விளக்கமாகும். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக்கப்பட்டு ஆறு காலங்களில் சோதி தரிசனம் காட்டப்படுகின்றது. சிதம்பரத்தைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றும், வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றும் வழங்குவது சன்மார்க்க மரபாகும்.

1872ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அருட்பெருஞ்சோதி அகவலை இவர் பாடி முடித்தார். இது 1596 அடிகளைக் கொண்டது. அதே ஆண்டு ஜூலை 18 அன்று ஞானசபையின் வழிபாட்டு விதிகளை எழுத்தில் வெளியிட்டார். சபையினுள் சென்று தூய்மை செய்து விளக்கேற்றுவோர் 12 வயதிற்கு உட்பட்டவராகவோ 72 வயதிற்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகும். சாதி அடிப்படையிலோ பரம்பரை அடிப்படையிலோ எவருக்கும் உரிமை அளிக்கப்படவில்லை. இவ்விதிகளை எழுத்தில் வைத்தது பிற்காலத்தில் பெரும்பயன் அளித்தது.

பெருவெளி

ஞானசபையைச் சுற்றியுள்ள திறந்த நிலமே பெருவெளி ஆகும். வெளி என்னும் சொல் இராமலிங்கரின் பாடல்களில் இறைநிலையைக் குறிக்கப் பல இடங்களில் ஆளப்பட்டுள்ளது. சபையின் அளவு சிறியது. ஒரே நேரத்தில் சிலரே அதனுள் அடங்குவர். தைப்பூசத்திற்கு வரும் இலட்சக்கணக்கான மக்கள் இவ்வெளியில் நின்றே சோதியைக் காண்கின்றனர். எனவே வெளி என்பது சபைக்கு வெளியே உள்ள வெற்று நிலம் அன்று, அதுவும் சபையின் ஓர் உறுப்பே என்று சன்மார்க்க அன்பர்கள் கருதுகின்றனர்.

இறுதிக் காலம்

அக்டோபர் 1873இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் மஞ்சளும் வெண்மையும் கொண்ட சன்மார்க்கக் கொடியை ஏற்றி நீண்ட சொற்பொழிவு ஒன்றை இராமலிங்கர் நிகழ்த்தினார். இது பேருபதேசம் எனப்படுகின்றது. ஜனவரி 30, 1874 அன்று சித்திவளாகத்தில் உள்ள அறை ஒன்றினுள் சென்று கதவை மூடிக்கொண்டார். அதன் பின் இவரை எவரும் காணவில்லை. உடலோடு இறைவனுடன் கலந்தார் என்பது அடியார்களின் நம்பிக்கையாகும். 1906ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இந்நிகழ்ச்சி குறிக்கப்பட்டுள்ளது. தைப்பூசத்தை அடுத்து இவ்வறையைக் காண மக்கள் மேட்டுக்குப்பத்தில் கூடுகின்றனர்.

மறைவுக்குப் பின் நிறுவனங்கள்

இராமலிங்கர் மடாதிபதியாகத் தமக்குப் பின் எவரையும் அமர்த்திச் செல்லவில்லை. அடியார்கள் தருமச்சாலையையும் சபையையும் நடத்தி வந்தனர். கல்பட்டு ஐயா தருமச்சாலைப் பணியில் ஈடுபட்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆவார். 20ஆம் நூற்றாண்டில் திருமுருக கிருபானந்த வாரியாரின் முயற்சியால் ஞானசபையில் திருப்பணி நடைபெற்று 1950ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் அரசியலிலிருந்து விலகிய பின் வடலூரில் தங்கி, சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவிக் கல்விப் பணியும் தொண்டும் ஆற்றினார்.

வடலூர் நிறுவனங்கள் பின்னர் தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்குள் வந்தன. இவை வள்ளலார் தெய்வ நிலையங்கள் என்னும் பெயரில் நிர்வகிக்கப்படுகின்றன. நிறுவனர் அமைத்த சோதி வழிபாட்டிற்கு மாறாகச் சபையில் ஆகம முறை வழிபாடு நடைபெறுவது பற்றி 2000களில் வழக்கு எழுந்தது. 1872ஆம் ஆண்டின் எழுத்து விதிகளையே பின்பற்ற வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் அறநிலையத் துறை ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் அதனை உறுதிசெய்தது. நிறுவனர் தம் நோக்கத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்ததால், 130 ஆண்டுகளுக்குப் பின்னும் அதனை மீட்டெடுக்க முடிந்தது.

அறநிலத்தின் பாதுகாப்பு

அறநோக்கத்திற்காக ஒப்படைக்கப்பட்ட நிலம் மூன்று வகையில் காக்கப்படுகின்றது. முதலாவது, நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைக் கூறும் ஆவணம். இரண்டாவது, நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம். மூன்றாவது, அந்நிலத்தை இடையறாது பயன்படுத்தி வரும் மக்கள்.

தமிழ்நாட்டில் இதற்குரிய சட்டம் 1959ஆம் ஆண்டின் இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டமாகும். இதன் 34ஆம் பிரிவின்படி, அறநிறுவனத்தின் நிலத்தை விற்கவோ, மாற்றவோ, அடகு வைக்கவோ, 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் ஒப்புதல் தேவை. அக்கைமாற்றம் நிறுவனத்திற்குத் தேவையானதாக அல்லது நன்மை தருவதாக இருத்தல் வேண்டும். ஒப்புதல் இன்றிச் செய்யப்படும் கைமாற்றம் செல்லாது. நீண்டகாலம் அனுபவித்து வந்ததைக் காரணம் காட்டி அறநிலத்தை உரிமையாக்கிக்கொள்ள முயல்வதையும் இச்சட்டத்தின் 109ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிப் பிரிவுகள் உள்ளன.

எனினும் 34ஆம் பிரிவு நிலம் கைமாறுவதைப் பற்றியதாகும். நிலத்தை வைத்திருக்கும் நிறுவனமே அதில் கட்டடம் எழுப்புவதைப் பற்றியது அன்று. நிலம் எவரிடம் இருக்க வேண்டும் என்பது ஒரு வினா. நிலம் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பது மற்றொரு வினா.

பிற நாடுகளில் இவ்விரண்டாம் வினாவிற்கு விடையாகவே நில அறக்கட்டளைகள் தோன்றின. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் சார்லசு எலியட்டு என்னும் நிலவடிவமைப்பாளரின் முயற்சியால் 1891ஆம் ஆண்டில் இயற்கை அழகுள்ள நிலங்களைப் பொதுமக்களுக்காக வைத்துக் காக்கும் அறங்காவலர் குழு அமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஆக்டேவியா இல், இராபர்ட்டு அண்டர், ஆர்டுவிக் இரான்சுலி ஆகியோர் 1895ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளையை நிறுவினர். 1907ஆம் ஆண்டின் சட்டம் அவ்வமைப்பின் நிலங்களை எக்காலத்தும் கைமாற்ற இயலாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை அதற்கு வழங்கியது. பிற்காலத்தில், நிலம் உரிமையாளரிடமே இருக்க, அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் நிலையாக விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமுறையும் அமெரிக்காவில் பரவியது. நிலம் பின்னர் யாரிடம் சென்றாலும் அக்கட்டுப்பாடு நிலத்துடனேயே செல்லும்.

வடலூர்க் கொடை இவ்வமைப்புகளுக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முந்தியதாகும். ஆயினும் இதனை இயற்கைப் பாதுகாப்பிற்கான கொடை என்று கூற இயலாது. பசி நீக்குதலும் வழிபாடுமே இதன் நோக்கங்கள். நிலம் திறந்தவெளியாக நிலைத்தது அந்நோக்கங்களின் வழியாகவே ஆகும்.

சிதம்பரத்தின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அந்நகரின் பழம்பெயர் தில்லை. இது தில்லை மரத்தின் பெயரால் ஏற்பட்டது. நகர் இருந்த இடத்தில் முற்காலத்தில் தில்லை மரக்காடு இருந்ததாக மரபு கூறுகின்றது. இன்று நகரில் அக்காடு இல்லை. அருகில் உள்ள பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் தில்லை மரங்கள் உள்ளன. அக்காடு வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளது.

நிலத்தின் குறைவும் 2024ஆம் ஆண்டின் விவாதமும்

இராமலிங்கரின் காலத்தில் சிற்றூர்களாக இருந்த பகுதி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதும் மாறியது. வடலூருக்கு மேற்கே 1956ஆம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. திறந்தவெளிச் சுரங்கங்களுக்காக அப்பகுதியின் பல ஊர்களில் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. இச்சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டு 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் நடுவே கால்வாய் வெட்டப்பட்டது மாநிலம் முழுதும் விவாதிக்கப்பட்டது. சாலைச் சந்திப்பில் உள்ள வடலூரும் நகரமாக வளர்ந்தது.

1867ஆம் ஆண்டில் கொடுக்கப்பட்ட நிலம் முழுவதும் இப்போது நிறுவனத்தின் வசம் இல்லை. சுமார் 106 ஏக்கரில் ஏறத்தாழ 71 ஏக்கரே வசம் உள்ளது என்றும், சுமார் 34 ஏக்கர் ஆக்கிரமிப்பில் உள்ளது என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024ஆம் ஆண்டில் நடைபெற்ற வழக்கில் தெரிய வந்தது. அதாவது கொடையில் மூன்றில் ஒரு பங்கு நிறுவனத்தின் கையில் இல்லை.

இவ்வழக்கிற்குக் காரணமாக அமைந்தது வள்ளலார் பன்னாட்டு மையம் என்னும் திட்டமாகும். சுமார் 100 கோடி ரூபாய் மதிப்பில் இம்மையத்தை வடலூரில் அமைக்கத் தமிழ்நாடு அரசு திட்டமிட்டது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளலாரின் நெறியை உலகெங்கும் பரப்பவும், வரும் மக்களுக்கு வசதிகள் செய்து தரவும் இம்மையம் தேவை என்பது அரசின் நிலைப்பாடாகும். மையத்தை எதிர்க்காமல், அதனைப் பெருவெளியில் கட்டுவதை மட்டும் எதிர்த்தோரும் பலர் இருந்தனர். வேறிடத்தில் கட்ட வேண்டும் என்று அவர்கள் கோரினர். தைப்பூசத்தன்று மக்கள் நிற்கும் இடம் சுருங்கும் என்பதும், கொடையின் நோக்கத்திற்கு இது மாறானது என்பதும் அவர்களின் வாதங்களாகும்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அடித்தளத்திற்காகக் குழிகள் தோண்டப்பட்டபோது பார்வதிபுரம் மக்கள் அவ்விடத்தில் திரண்டு போராடினர். நிலம் கொடுத்த ஊரின் மக்கள் 157 ஆண்டுகளுக்குப் பின் அந்நிலத்தின் பொருட்டு எழுந்தது இவ்விவாதத்தில் கவனத்தை ஈர்த்தது. இதனைத் தொடர்ந்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. கட்டடத் திட்டத்துடன், ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தை மீட்பது பற்றியும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது. கட்டடத்தை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு, அதுவரை பரவலாக அறியப்படாதிருந்த நிலக்குறைவையும் வெளிக்கொணர்ந்தது.

நினைவும் போற்றுதலும்

இந்திய அஞ்சல் துறை 2007ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகள் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 5 தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. 2022–2023ஆம் ஆண்டில் இவரது 200ஆம் பிறந்த ஆண்டு விழா மாநிலமெங்கும் கொண்டாடப்பட்டது. மருதூரில் இவர் பிறந்த இடமும், கருங்குழியில் இவர் தங்கிய இல்லமும், மேட்டுக்குப்பம் சித்திவளாகமும் அன்பர்களால் போற்றப்படுகின்றன. தமிழகத்திலும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் சன்மார்க்க சங்கங்கள் செயற்படுகின்றன. பல ஊர்களில் அவை வடலூரைப் பின்பற்றி அன்னதானம் செய்து வருகின்றன.

திங்கள்தோறும் பூச நாளிலும், ஆண்டுதோறும் தைப்பூசத்திலும் மக்கள் வடலூரில் கூடுகின்றனர். அந்நாட்களில் தருமச்சாலையில் உணவு உண்டு, பெருவெளியில் நின்று சோதி காண்கின்றனர்.